இடரிலும் தளராத வாணிகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பக்தியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் அறிஞர் பலர் பேசிச் சென்ற இம்மேடையிலே வாணிகத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். இது பொருத்தமோ என்று முதலில் நாமும் ஐயுற்றோம். ஆயினும், அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கினுள் பொருளுக்கும் ஓர் இடம் வகுத்தவர்கள் நம் முன்னோர். நம் சங்கத்து இளைஞர்களிற் பலர் இன்று அரசாங்க உத்தியோகத்தையே எதிர்பார்த்துக் காத்திராமல், அரைக்கும் ஆலை, பழச்சாறு செய்யும் தொழிலகம், தளபாடக் கடை, கணினித் திருத்தகம் என்று சொந்த முயற்சிகளில் இறங்கியிருக்கின்றனர். அம்முயற்சிகள் ஏதோ ஓர் இடரினால் ஒரே நாளில் நின்றுபோகாதிருக்க என்ன செய்யவேண்டும் என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

நம்மிடையே நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2022-ஆம் ஆண்டு ஆடி மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். எரிபொருளுக்காக வண்டிகள் நாட்கணக்கில் வரிசையிலே நின்ற காலம். நம் உறுப்பினர் ஒருவர் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துப் பொதிசெய்து கடைகளுக்கு அனுப்பும் சிறிய ஆலை ஒன்றை நடத்திவந்தார். அவரிடம் மிளகாய் இருந்தது, மல்லி இருந்தது, மின்வெட்டு நேரம் போக மிகுதி நேரத்தில் அரைக்கவும் முடிந்தது. ஆனால், பைகளின் வாயை ஒட்டும் சிறு இயந்திரத்தினுள்ளே இருக்கும் சூடேற்றுங் கம்பி ஒருநாள் எரிந்துபோயிற்று. ஒரு சாண் நீளங்கூட இல்லாத கம்பி அது. கொழும்பிலே அதனை விற்பவரிடம் கேட்டால், வெளிநாட்டிலிருந்து இறக்க வங்கியிலே டொலர் இல்லை என்றார். மெழுகுவர்த்திச் சுடரில் பிடித்துப் பைகளை ஒட்டிப் பார்த்தார்கள். தூள் சிந்தும் பையைக் கடைக்காரர் எவரும் ஏற்கவில்லை. பதினொரு நாள் ஆலை பூட்டிக் கிடந்தது. அங்கே நாட்கூலிக்கு வேலை செய்த ஆறு பெண்களின் வீடுகளில் அந்தப் பதினொரு நாளும் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை அவர்களே அறிவர்.

பன்னிரண்டாம் நாள் இச்செய்தி தற்செயலாக மற்றோர் உறுப்பினரின் காதில் விழுந்தது. அவர் மூன்று கட்டை தூரத்தில் மின்பொருள் திருத்தும் கடை வைத்திருப்பவர். பழைய துணி அழுத்தி ஒன்றைக் கழற்றி, அதனுள்ளே மைக்காத் தகட்டில் சுற்றியிருந்த நைக்குரோம் கம்பியை எடுத்து, நீளம் அளந்து, இயந்திரத்திலே பொருத்திக் கொடுத்தார். அரைநாள் வேலை! இவ்விருவரும் இதே மண்டபத்திலே, வெள்ளிக்கிழமை தோறும் அடுத்தடுத்த பாய்களில் இருந்து கூட்டுப் பிரார்த்தனை செய்பவர்கள். ஒருவருடைய தேவைக்கு மற்றவரிடத்தே மருந்து இருந்தது இருவருக்கும் தெரியாது. ஆகவே, அந்தப் பதினொரு நாளையும் நாம் டொலர்ப் பஞ்சத்தினால் மாத்திரம் இழக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாமையாலும் இழந்தோம். இக்குற்றத்திலே சங்கத்தின் காரியங்களைப் பார்த்துவரும் எமக்கும் பங்குண்டு. அந்த உறுத்தலே இப்பேச்சுக்குக் காரணம் எனலாம்.

ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து வாங்குவோர் கைக்கு வந்து சேரும்வரை எத்தனை கைகள் மாறுகின்றன! விவசாயி, தரகர், லொறிச் சாரதி, ஆலைக்காரர், பை செய்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று நீளும் இத்தொடரை வழங்கற் சங்கிலி என்று இக்காலப் பொருளியலார் கூறுவர். தறியிலே ஓர் இழை அறுந்தாலும் நெசவு நிற்பதுபோல, இத்தொடரில் ஒரு கை ஓய்ந்தாலும் தொழில் நிற்கிறது. அறுப்பது தீயாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம், போராக இருக்கலாம், அரசாங்கத்தின் ஓர் ஆணையாகவும் இருக்கலாம். 2021-ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை நம் விவசாயிகள் பட்ட பாட்டை மறந்தவர் யார்? இடர் எந்த வடிவில் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. வந்தபொழுது தாங்குவதற்கு வழியுண்டா என்பதைத்தான் நாம் கேட்கமுடியும். இக்கேள்விக்கு உலகம் கண்ட விடைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

ஓர் ஆலையில் மூண்ட தீ

யப்பான் தேசத்து டொயோட்டாக் கம்பனியை அறியாதார் இல்லை. அக்கம்பனியின் உற்பத்தி முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் தையிச்சி ஓனோ என்னும் பொறியியலாளர். வேண்டிய உறுப்பு வேண்டிய வேளையில் வேண்டிய அளவு வந்தாற் போதும், பண்டகசாலையிலே குவித்துவைப்பது வீண் என்பது அவர் கொள்கை. கையிலே காசு, வாயிலே தோசை என்று நம்மவர் சொல்வார்களே, ஏறக்குறைய அதே முறை. இதனால் பணம் முடங்குவதில்லை. பழுதான உறுப்பும் உடனே கண்ணிற் படும். உலகமே வியந்து இம்முறையைப் பின்பற்றியது.

1997-ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, சனிக்கிழமை விடியுமுன், ஐச்சி மாகாணத்துக் கரியா நகரிலுள்ள ஐசின் என்னும் கம்பனியின் ஆலையொன்றிலே தீ மூண்டது. அங்கே செய்யப்பட்டது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைச் சில்லுகளுக்கு அளவறிந்து பகிரும் ஒரு சிறு வால்வு. கைக்குள் அடங்கும் பொருள். விலை ஏறக்குறைய 5 டொலர். ஆனால், டொயோட்டாவுக்கு வேண்டிய இவ்வகை வால்வுகளில் நூற்றுக்கு 99 வீதத்துக்கு மேல் அந்த ஆலை ஒன்றிலிருந்தே சென்றது. டொயோட்டாவின் கையிலிருந்த இருப்போ சில மணி நேரத்துக்கே போதுமானது. நாளொன்றுக்கு 14,000-க்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்துவந்த மாபெருங் கம்பனி, 5 டொலர் வால்வு இல்லாமையால் சில நாட்களிலே கைகட்டி நின்றது. வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன்னே கிடக்கும் வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமை அன்று யப்பானில் உண்மையாயிற்று.

ஆலையைத் திருத்தி எழுப்ப மாதக்கணக்காகும் என்று பலர் கருதினர். ஆனால் நடந்தது வேறு. தீ அணைந்த அன்றே ஐசின் கம்பனியார் வால்வின் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தனர். தீயினின்றும் தப்பிய கருவிகளையும் பகிர்ந்தனர். அறுபதுக்கு மேற்பட்ட தொழிலகங்கள் அவ்வால்வைச் செய்ய முன்வந்தன. பக்கத்தில் நின்று உதவியவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 200 நிறுவனங்கள். அவற்றுள்ளே மோட்டார் வண்டி உறுப்பையே அதற்குமுன் செய்தறியாத தையல் இயந்திரக் கம்பனியான பிரதரும் ஒன்று! ஒரு வாரமளவில் டொயோட்டாவின் ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உதவ வந்தவர்கள் முதலில் விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. ஐசின் பின்னர் அவர்களுடைய செலவை ஈடுசெய்தது; டொயோட்டாவும் வெகுமதி வழங்கிற்று. ஆயினும் அன்று அவர்கள் அதனை எதிர்பார்த்து இரவு பகலாக உழைத்ததாகச் சொல்வதற்கில்லை. டொயோட்டாவுக்கு உறுப்புகள் வழங்குவோர் கியோஹோகாய் என்ற பெயரிலே ஒரு சங்கமாகவே கூடியிருந்தனர். ஒருவர் ஆலைக்கு மற்றவர் சென்று, குறைநிறை கண்டு, கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொள்ளும் வழக்கம் அவர்களிடையே நெடுங்காலமாக நிலவியது. இன்னாரிடம் இன்ன இயந்திரம் உண்டு, இன்னார் இன்ன வேலையில் வல்லவர் என்பது அவர்களுக்கு முன்னரே தெரியும். பழைய துணி அழுத்தியிலிருந்து கம்பியெடுத்த நம் அன்பரும் அந்தத் தையல் இயந்திரக் கம்பனியைப் போன்றவரே. வேற்றுமை யாதெனின், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், நாம் அறிந்திருக்கவில்லை.

பத்து நிமிடத் தீயும் இரு கம்பனிகளும்

மூன்று ஆண்டுகளின் பின் வேறொரு தீ வேறொரு பாடத்தைத் தந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆந் திகதி அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே அல்புகேர்க்கி நகரில் பிலிப்ஸ் கம்பனியின் நுண்சில்லு ஆலையொன்றை இடிமின்னல் தாக்கித் தீ மூண்டது. பத்து நிமிடத்துக்குள் தீ அணைந்துவிட்டது. ஆனால், தூசி ஒரு துகளும் புகக்கூடாத அறைகளிலே புகையும் நீரும் புகுந்தன. செய்துவைத்த சில்லுகள் பாழாயின. அவ்வாலையின் பொருளில் பெரும்பங்கை வாங்கியவர்கள் கைத்தொலைபேசி செய்யும் இரு கம்பனிகள். ஒன்று பின்லாந்தின் நொக்கியா. மற்றது சுவீடனின் எரிக்சன்.

ஏறக்குறைய ஒரு வாரந்தான் தாமதமாகும் என்று இருவருக்கும் ஒரே செய்திதான் சொல்லப்பட்டது. நொக்கியா அதனை நம்பி வாளாவிருக்கவில்லை. அந்தச் சில்லுகளின் வரவை நாள்தோறும் விசாரித்தது. தாமதம் மாதக்கணக்காகும் என்று தெரிந்ததும் தலைவர்களே நேரிற் சென்று, பிலிப்ஸின் மற்றைய ஆலைகளிலே இடம் கேட்டுப் பெற்றனர். சில சில்லுகளை வேறிடங்களிலும் செய்யத்தக்கதாக மாற்றி வரைந்தனர். எரிக்சனிலோ, செய்தி கீழ்மட்டத்தாரிடமே சில வாரம் தங்கிவிட்டது. மேலிடம் விழித்தபொழுது கேட்பதற்கு வேறு ஆலை இல்லை. செலவைச் சுருக்கவேண்டும் என்று மாற்று வழங்குநரை முன்னரே கைவிட்டிருந்தார்கள். அவ்வாண்டு அவர்கள் இழந்த விற்பனை ஏறக்குறைய 40 கோடி டொலர் என்று கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டில் எரிக்சன் தன் கைத்தொலைபேசித் தொழிலைச் சோனி கம்பனியுடன் கூட்டாகச் சேர்த்துவிட்டது. அதற்குக் காரணங்கள் வேறும் உண்டு. ஆயினும் அந்தப் பத்து நிமிடத் தீக்கும் அதிலே பங்குண்டு.

இளைஞர்களே, இரு கம்பனிக்கும் தீ ஒன்றே, செய்தியும் ஒன்றே. விளைவு மாத்திரம் வேறு. கெட்ட செய்தியை மறைக்காது உடனே மேலே சொல்லும் பழக்கம் ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை. உங்கள் கடையில் வேலை செய்யும் தம்பி, "அண்ணை, இந்த மாதம் எண்ணெய் வராது போலிருக்கு" என்று சொல்ல அஞ்சுவானாயின், அக்கடை எரிக்சன் சென்ற வழியிற் செல்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

அறிந்தும் முழுதும் தப்பமுடியாமை

2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆந் திகதி யப்பானின் கிழக்குப் பகுதியைப் பெரும் பூமியதிர்ச்சியும் ஆழிப்பேரலையும் தாக்கின. ஆழிப்பேரலை என்றதும் 2004-ஆம் ஆண்டு மார்கழியை நினைத்து நம் நெஞ்சு நடுங்குகிறது. இபராக்கி மாகாணத்திலே நாக்கா என்னும் இடத்திலுள்ள ரெனெசாஸ் ஆலை அன்றைய அதிர்ச்சியிலே சிதைந்தது. மோட்டார் வண்டிகளுக்கான நுண்சில்லுகள் செய்யும் ஆலை அது. இம்முறையும் வண்டிக் கம்பனிகள் தத்தம் ஆட்களை அனுப்பின. ஒரே நாளில் 2,500 பேர்வரை அங்கு நின்று வேலை செய்தனர். குறித்திருந்த காலத்துக்கு முன்னரே, யூன் மாதம் முதலாந் திகதி, ஆலை மீண்டும் உற்பத்தியைத் தொடங்கிற்று.

ஆனால் டொயோட்டா அப்பொழுது ஓர் உண்மையைக் கண்டு திடுக்கிட்டது. தனக்கு நேரே உறுப்பு வழங்குவோரை அது அறியும். அவர்களுக்கு வழங்குவோரையும், அவர்களுக்கும் பின்னால் நிற்போரையும் அது அறியவில்லை. பல வழங்குநரிடம் வாங்குவதாக நினைத்திருந்த பொருள்கள் பின்னாற் சென்று பார்த்தால் ஒரே ஆலையிலிருந்து வந்தன. அதன்பின் அது தொடர் முழுவதையும் ஏட்டிலே பதிந்தது. கிடைப்பதற்கு நெடுநாள் எடுக்கும் சில்லுகளை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம்வரைக்கும் இருப்பு வைக்குமாறு வழங்குநரைக் கேட்டுக்கொண்டது. குவித்துவைப்பது வீண் என்ற கம்பனியே, எதைக் குவிக்கவேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டது!

கொரோனாத் தொற்றின் பின் 2021-ஆம் ஆண்டிலே உலகெங்கும் சில்லுப் பஞ்சம் வந்தபொழுது, மற்றைய கம்பனிகள் ஆலைகளை மூட, டொயோட்டா சில மாதங்கள் தளராது நின்றது. எனினும் பஞ்சம் நீண்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்து உற்பத்தியில் நூற்றுக்கு 40 வீதத்தை அதுவும் குறைக்கவேண்டி வந்தது. இதனையும் மறையாது சொல்லவேண்டும். ஆயத்தம் இடரை வராமல் தடுப்பதில்லை. மூச்சுவிட நேரத்தைத் தருகிறது. அந்த நேரம் இருப்பவன் வழி தேடலாம். இல்லாதவன் விதியை நோவான்.

நாம் கடந்துவந்த வழி

இவையெல்லாம் யப்பானியருக்கும் ஐரோப்பியருக்கும் உரிய கதைகள் என்று பெரியோர் எண்ணவேண்டாம். வழி அடைபடுவது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்து மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது 2014-ஆம் ஆண்டு ஒக்ரோபரில். பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 2006-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஏ-9 வீதி மூடப்பட்டது. உணவுப் பொருளுங்கூடக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. போர் முடிந்த 2009-ஆம் ஆண்டிலேதான் அவ்வீதி படிப்படியாகத் திறந்தது.

அக்காலத்தைப் பெருமைக்குரியதாகப் பேச நாம் விரும்பவில்லை. மருந்து வராமையால் மாண்டோர் உண்டு. பால்மாவுக்கு ஏங்கிய குழந்தைகள் உண்டு. ஆனாலும் ஊர் முழுவதும் அழிந்துபோகாமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, வீட்டிலே கொம்பறை நெல்லும், ஒடியலும், வடகமும், மிளகாய் வற்றலும் வைத்திருந்த பழக்கம். மற்றது, யார் வீட்டில் என்ன உண்டு, யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று ஊர் அறிந்திருந்தமை. வீதி திறந்தபின் கொழும்பிலிருந்து எல்லாம் மறுநாளே வந்து இறங்கியது. நாமும் கொம்பறையைக் கழற்றினோம். அயலவரின் கைவேலையையும் மறந்தோம். 2022 வந்தபொழுது, பதினொரு நாள் ஒரு சாண் கம்பிக்காகக் காத்திருந்தோம்.

செய்யத்தக்கவை

இனி, தொழில் நடத்தும் இளைஞர்கள் நாளையே செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, உங்கள் தொழிலுக்கு வேண்டிய பொருள் ஒவ்வொன்றையும் ஓர் ஏட்டிலே எழுதுங்கள். விலை உயர்ந்தவற்றை மாத்திரம் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி போர்ட் மோட்டார்க் கம்பனியுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சியை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு பொருளுக்கு நாம் செலவிடும் பணத்துக்கும், அது இல்லாவிடின் நேரும் நட்டத்துக்கும் தொடர்பில்லை. மலிவான உறுப்புகளே பெருநட்டத்துக்குக் காரணமாவதுண்டு என்பது அதிலே தெளிந்த ஓர் உண்மை. நம் ஆலைக்காரர் மிளகாயின் விலையை நாள்தோறும் விசாரித்தார். கம்பியை ஒருநாளும் நினைக்கவில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு எண்களை எழுதுங்கள். அப்பொருள் வரவு நின்றால் மீண்டும் பெற எத்தனை நாளாகும்? அதுவரை அது இல்லாமல் எத்தனை நாள் தாங்கலாம்? இவ்விரு எண்களை வைத்தே அப்பேராசிரியரும் கணக்கிட்டார். மிளகாய் மீண்டும் கிடைக்க 7 நாள், கையிருப்பு 20 நாளுக்குப் போதும் என்றால் அச்சமில்லை. கம்பி கிடைக்க 30 நாள், தாங்குவது 1 நாள் என்றால், உங்கள் தொழில் அந்த 29 நாள் இடைவெளியின் மேலே நிற்கிறது. அந்த இடைவெளி எங்கே அகன்றிருக்கிறதோ அங்கே மாத்திரம் இருப்பு வையுங்கள். எல்லாவற்றையும் குவித்தால் வங்கிக்கு வட்டி கட்டவேண்டும், மிளகாயிலும் வண்டு விழும் என்று பெரியோர் சொல்வது சரியே. நாம் கேட்பது களஞ்சியம் நிறைந்த சரக்கு அன்று. ஒரு மேசை இழுப்பறைக்குள் அடங்கும் சில உறுப்புகள்.

மூன்றாவது, மாற்று வழங்குநர் ஒருவரைத் தேடுங்கள். அவர் பெயரை ஏட்டில் எழுதிவைத்தாற் போதாது. நல்ல காலத்திலேயே நூற்றுக்கு இருபது பங்காவது அவரிடம் வாங்குங்கள். சில ரூபாய் கூடினாலும் வாங்குங்கள். ஒருநாளும் வாங்காதவன் பஞ்ச காலத்திலே கதவைத் தட்டினால் எவர் திறப்பார்? அன்றியும், இரண்டு கடைக்காரரும் ஒரே இறக்குமதியாளரிடம் வாங்குகின்றனரா என்றும் விசாரியுங்கள். அப்படியாயின் உங்களுக்கு இருப்பது இரண்டு வழியல்ல, ஒரே வழி. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே எவர் கிவன் என்னும் 400 மீற்றர் நீளமான கப்பல் சுயஸ் கால்வாயிலே ஆறு நாள் குறுக்கே கிடந்தபொழுது, பல கம்பனிகளின் சரக்கு ஏற்றிய பல கப்பல்கள் ஒரே வாயிலிலே காத்துக் கிடந்தன. கப்பல் பலவாயினும் வாயில் ஒன்றானால் பயனென்ன?

நான்காவது, விளைவிப்பவரையும் வேலை செய்பவரையும் நெருக்காதீர்கள். விளைச்சல் மிகுந்த மாதத்திலே வெங்காயம் தந்த கமக்காரனை அடிமாட்டு விலைக்கு இறக்கி, காசையும் மூன்று மாதம் இழுத்தடித்தவனுக்கு, விளைச்சல் குறைந்த மாதத்திலே ஒரு பிடியும் கிடையாது. சொன்ன நாளிற் காசு கொடுப்பதே மலிவான காப்புறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இருப்பு வேறு, பதுக்கல் வேறு. நல்ல காலத்திலே நியாய விலைக்கு வாங்கி வைத்து, கெட்ட காலத்திலும் தன்னை நம்பி வந்தவர்களுக்கு நியாய விலைக்கே கொடுப்பது இருப்பு. பஞ்சம் வருகிறது என்ற செய்தி கேட்டபின் ஓடிச்சென்று வாரி வைத்து, அயலவன் கண்ணீரை விலையாக்குவது பதுக்கல். முன்னையது ஊரைக் காக்கும். பின்னையது ஊரை இன்னும் வெறுமையாக்கும். இரண்டையும் செய்தவர்களை 2022-இலே கண்டோம். எவர் கடைக்கு மக்கள் இன்றும் நன்றியோடு செல்கின்றனர் என்பதையும் காண்கிறோம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தனி ஒருவரால் முடிவது இவ்வளவே. இதற்கு மேலே வேண்டியது கூட்டு முயற்சி. ஆதலின் இச்சபையின் முன்னே ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். சங்கத்திலே ஒரு தொழிற்பதிவேடு திறக்கப்படல் வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த கைவேலை, தம்மிடமுள்ள இயந்திரம், பிறருக்கு இரவலாகக் கொடுக்கத்தக்க கருவி ஆகியவற்றை அதிலே பதியட்டும். கடைசற் பட்டறை யாரிடம் உண்டு, ஒட்டுவேலை யார் செய்வார், மின்பிறப்பாக்கி யார் வீட்டில் நிற்கிறது, குளிர்அறை யாரிடம் உண்டு என்பன ஒரே இடத்தில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் உறுப்பினரின் தொழிலகத்திலே மற்றவர்கள் கூடி, அங்கு நடப்பதைப் பார்த்துக் கற்கட்டும். பல தொழிலகங்களுக்கும் பொதுவான உதிரிப்பாகங்களைச் சிறு பங்குப் பணத்திலே வாங்கி, சங்கத்தின் அலுமாரி ஒன்றில் வைக்கலாம். எடுத்தவர் விலையைக் கட்டி மீண்டும் நிரப்பவேண்டும் என்பது விதியாகட்டும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும், அதனை உண்மையாகப் பேணும் ஓர் இளைஞரும் போதும். மூத்தோர்களிடம் நாம் வேண்டுவது வேறொன்று. தடைக்காலத்திலே எதற்கு எதை மாற்றாகப் பயன்படுத்தினீர்கள், எந்த உறுப்பை எதிலிருந்து செய்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் நினைவிலே மாத்திரம் இருக்கிறது. உங்கள் காலத்தோடு அது மறைந்துபோக விடாதீர்கள். இளைஞர்கள் எழுதிக்கொள்ள, நீங்கள் சொல்லுங்கள்.

அன்பர்களே, தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுபவன் நீர் காணுமுன் வாடிவிடுவான். இடர் வந்தபின் உறவு தேடுபவன் நிலையும் அதுவே. உறவும் அறிவும் சிறிது இருப்பும் நல்ல நாளிலே தேடி வைக்கவேண்டியவை; கெட்ட நாளிலே அவை விலைக்குக் கிடையா. இன்று மழை இல்லை, வீதி திறந்திருக்கிறது, புகையிரதம் ஓடுகிறது. ஆகவே இதுவே ஏற்ற நாள்.

இவ்வுரை முடிந்து பிரசாதம் பெறுமுன், உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவரிடம் அவர் என்ன தொழில் செய்கிறார், எதில் வல்லவர் என்று ஒருமுறை கேளுங்கள். பதிவேட்டின் முதல் வரி அங்கே தொடங்கட்டும். அந்த ஆலைக்காரரும் மின்பொருள் திருத்துபவரும் இன்றும் பக்கத்துப் பக்கத்திலேதான் அமர்ந்திருக்கிறார்கள். இப்பொழுது ஒருவர் தொழில் மற்றவருக்குத் தெரியும்.